எண்ணெய்க் கலயமும் தண்டல் அட்டையும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் ஒரு வீடு நம் விவிலியத்தில் இருக்கிறது. அரசர்கள் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரம், முதல் ஏழு வசனங்கள். வீட்டுக்குப் போய் எடுத்து வாசித்துப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு தாய். இரண்டு ஆண் பிள்ளைகள். கணவர் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர், கடவுளுக்கு அஞ்சி நடந்தவர். ஆனாலும் அவர் கண்ணை மூடியபோது கடன் பாக்கி இருந்தது. அந்தக் கடனுக்காகப் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாக இழுத்துப்போக ஆள் வந்துவிட்டான். அந்தத் தாய் இறைவாக்கினர் எலிசாவிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொல்லி அழுகிறார். எலிசா அவரிடம், உம் வீட்டில் இருப்பது என்ன என்று கேட்கிறார். ஒன்றுமே இல்லை என்றுதான் பதில் தொடங்குகிறது. பிறகுதான் நினைவு வருகிறது, ஒரு கலயத்தில் கொஞ்சம் எண்ணெய் இருப்பது.

மீதி உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வரச் சொல்கிறார். கொஞ்சமாக வாங்காதீர், நிறைய வாங்கும் என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு தாயும் பிள்ளைகளும் ஊற்ற ஊற்ற, எண்ணெய் எல்லாப் பாத்திரங்களையும் நிரப்புகிறது. அதை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைக்கிறார்.

இந்தப் பகுதியில் முதலில் என் கண்ணில் படுவது எண்ணெய் பெருகியது அல்ல. இறைப்பற்று மிகுந்த ஒருவர் கடனோடு இறந்தார் என்பதை விவிலியம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறதே, அதுதான். கடன்பட்டவர் கடவுளின் ஆசீரை இழந்தவர் என்று சிலர் தொலைக்காட்சியில் போதிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் காணிக்கையாக விதைத்தால் பத்தாயிரமாக அறுக்கலாம் என்கிறார்கள். சம்பளம் பாதியாகிப்போன ஒரு வீட்டில் அந்த ஆயிரத்தையும் வாங்கிக்கொள்ளும் போதனையைப் பற்றி நான் நாகரிகமாகப் பேச முயல்கிறேன், முடியவில்லை. எலிசா அந்தத் தாயிடம் ஒரு காசும் கேட்கவில்லை. உன் கணவர் ஏன் கடன் வாங்கினார் என்றும் கேட்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2025 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. அதே மாதம் 27இல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே போட்ட கையெழுத்து, இங்கே செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாயின் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் வந்து இறங்கியது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட். ஆறு நாள் வேலை இருந்த இடத்தில் மூன்று நாள். சில ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் அதுவும் இல்லை.

இந்த ஊர் இப்படி விழுவது முதல் முறை அல்ல. 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது விழுந்தது. 2011 சனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது விழுந்தது. 2016இல் பணமதிப்பு நீக்கம், 2020இல் ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்தது. இதைச் சொல்லி உங்களுக்குத் தைரியம் ஊட்டலாம். ஆனால் ஊர் எழுந்தபோது எல்லா வீடுகளும் சேர்ந்து எழவில்லை. 2011இல் பட்டறை மூடிப்போய், சொந்த ஊருக்குத் திரும்பி, இன்றும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே, எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

2025 யூபிலி ஆண்டில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற சொற்றொடரை ஆண்டு முழுவதும் பாடினோம், பேனரில் எழுதினோம். எதிர்நோக்கு என்றால் என்ன? புனித தாமஸ் அக்குவினாஸ் அதற்கு ஒரு வரையறை தருகிறார். அடைவதற்குக் கடினமான, ஆனால் அடையக்கூடிய ஒரு வருங்கால நன்மையை நோக்கியதே எதிர்நோக்கு என்கிறார். கடினம் என்பதையும் முடியும் என்பதையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது. ஒன்று அவநம்பிக்கை, இது நமக்குத் தெரியும். மற்றொன்று மிதமிஞ்சிய துணிவு. கடினமானதைக் கடினம் என்று ஒப்புக்கொள்ளாமல், எப்படியாவது நடந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வது. ‘அடுத்த மாசம் ஆர்டர் வந்துரும்’ என்று சொல்லிக்கொண்டு மூன்றாவது கடனை வாங்குகிறோமே, அது எதிர்நோக்கு அல்ல. இந்த இரண்டாவது வகைதான். பார்ப்பதற்கு நம்பிக்கை போலவே இருக்கும்.

வீடு சந்திப்புக்குப் போகும்போது நான் கவனிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது அல்ல, திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது தெரியவருவது. கணவருக்கு எவ்வளவு கடன் என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி எத்தனை குழுவில் பணம் எடுத்திருக்கிறார் என்று கணவருக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் தெரியாது. வசூலுக்கு வரும் ஆளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு கணக்கை மனதில் சுமந்துகொண்டு இரவு முழுவதும் புரண்டு படுக்கிறார்கள். எலிசாவிடம் போன தாய் செய்த முதல் காரியம், வாயைத் திறந்து சொன்னது.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். நாமும் உட்காருவோம். ஓர் எடுத்துக்காட்டுக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் பனியன் கம்பெனி. வேலை நன்றாக இருந்தபோது இருவருக்கும் சேர்த்து வாரம் 8,000 ரூபாய் வந்தது. இப்போது 4,500. நான்கு வாரத்துக்கு 18,000. வாடகை 5,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் 7,000. பள்ளிச் செலவு 1,500. மின்சாரமும் செல்போனும் 800. ஆக, உயிர் வாழ 14,300 வேண்டும். கையில் வருவது அதைவிடக் கூடுதல்தான், பாருங்கள். இனி கடன் பக்கம். தண்டல் நாளுக்கு 100 வீதம் மாதம் 3,000. இரண்டு குழுக் கடனுக்கு 4,000. அடகு வைத்த இரண்டு பவுனுக்கு, 80,000 ரூபாய்க் கடனுக்கு, வட்டி 1,000. மொத்தச் செலவு 22,300. மாதம் 4,300 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்த 4,300ஐ எழுதிப் பார்க்காத வீடு என்ன செய்யும்? வெளியில் வாங்கும். பத்து வட்டிக்கு வாங்கினால், ஆறு மாதத்தில் முதல் மட்டும் 25,800. அதற்கு மாத வட்டி 2,580. வட்டி கட்ட வாங்கும் கடனை நான் இதில் சேர்க்கவில்லை.

எழுதிப் பார்த்த வீடு என்ன செய்யலாம்? இங்கேதான் எலிசாவின் கேள்வி வருகிறது. நம் வீட்டில் அந்த எண்ணெய்க் கலயம் பல சமயம் நகைதான். நகையை அடகு வைப்பது சாமர்த்தியம், விற்பது அவமானம் என்று நம்மிடையே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. அதனால் வட்டி கட்டிக் கட்டி, மறு அடகு வைத்து, அதற்கு ஒரு நாள் வட்டிக்குப் பணம் புரட்டி, கடைசியில் ஏலத்தில் இழக்கிறோம். நம் எடுத்துக்காட்டு வீட்டில் இரண்டு பவுன் இருக்கிறது. 2025இல் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு பவுனை விற்றால், சேதாரம், கழிவு போக ஏறக்குறைய 86,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடகுக் கடன் 80,000, ஒரு மாத வட்டி 1,000, தண்டலில் இன்னும் 40 நாள் பாக்கி 4,000. எல்லாம் சேர்ந்து 85,000. அடகும் போயிற்று, தண்டலும் போயிற்று. இன்னொரு பவுன் கழுத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. மாதச் செலவு 18,300 ஆகக் குறைகிறது. வருமானம் 18,000. முந்நூறு ரூபாய்தான் இடிக்கிறது. சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை, ஆர்டர் வரவில்லை. இருந்தும் அந்த வீடு மூச்சு விடுகிறது.

நகையை மீட்க முதலில் பணம் வேண்டுமே என்பீர்கள். நன்கு தெரிந்த நகைக்கடைக்காரரோ, உறவினர் ஒருவரோ கூட வந்து, அடகை மீட்டு அன்றைக்கே கணக்கை முடிப்பது உண்டு. தெரியாதவரிடம் இதற்குப் போகாதீர்கள். தங்கம் இன்னும் ஏறுமே, ஏன் விற்க வேண்டும் என்றும் கேட்பீர்கள். ஏறலாம், இறங்கலாம். எவ்வளவு ஏறினாலும் தண்டல் வட்டியோடு அது போட்டி போட முடியாது.

தண்டல் கணக்கை நம்மில் பலர் சரியாகப் பார்த்ததில்லை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள். 1,500 தானே வட்டி, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. மறுநாளே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது, அதுவும் மூன்றரை மாதத்துக்குக் குறைவாக. ஆண்டுக் கணக்காக மாற்றினால் நூற்றுக்கு 120 வருகிறது. பத்து வட்டியும் ஆண்டுக்கு 120 தான். பத்து வட்டி என்றால் நெஞ்சில் கை வைக்கிறவர்கள், தண்டல்காரர் தெரிந்தவர் என்பதால் சிரித்துக்கொண்டே வாங்குகிறோம். தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டி தடைச் சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கம். யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுக்கிறோம். யாருக்கு வட்டி அதிகம் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. வாடகை, அரிசி, மருந்து, பிள்ளையின் படிப்பு, இவை போக மிஞ்சுவதில் வட்டி கூடிய கடனை முதலில் வெட்டி விடுங்கள். வட்டி குறைந்தவரிடம் நேரில் போய் அவகாசம் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் ஒரு மாதிரி பேசுவார்கள், தவறுவதற்கு முன்பே போனால் வேறு மாதிரி பேசுவார்கள். அவகாசம் என்பது தள்ளுபடி அல்ல என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். 2020 ஊரடங்கில் மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத் தவணையை ரிசர்வ் வங்கி தள்ளிவைக்க அனுமதித்தபோது, கடனே போய்விட்டது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தங்கம் விலை ஏறியதில் ஒரு புதுச் சோதனையும் வந்திருக்கிறது. ஏற்கெனவே அடகில் இருக்கும் நகைக்கு இன்னும் பணம் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று செல்போனில் அழைக்கிறார்கள். நாம் சம்பாதித்த பணம் போலவே தோன்றும். அது கடன்தான். விலை இறங்கினால் கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள், இல்லையேல் ஏலம். ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செல்போன் செயலிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

குழுக் கடன் வாங்கிய தாய்மார்களுக்கு ஒரு செய்தி. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரப்படும் மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 முதல் விதிகள் வகுத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது. கெட்ட வார்த்தை பேசவோ, உறவினர்களிடம் போய் அவமானப்படுத்தவோ கூடாது. 2025இல் தமிழக சட்டப்பேரவை கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. அதற்காக இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு ‘பணம் வராம எழுந்திரிக்க மாட்டேன்’ என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்வது கடமை அல்ல. அப்படிப்பட்ட வேளையில் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்ளாமல் வெளியே வந்து நின்றாலே பாதிப் பிரச்சினை குறையும். அன்பியம் எதற்கு இருக்கிறது?

எலிசா அக்கம்பக்கத்தாரை இந்தக் கதைக்குள் ஏன் இழுத்தார் என்று நான் யோசிப்பது உண்டு. அற்புதம் செய்கிறவருக்குப் பாத்திரம் ஒரு பொருட்டா? ஆனால் பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுவிட்டது என்று விவிலியம் சொல்கிறது. அயலார் கொடுத்த பாத்திரங்களின் அளவுக்குத்தான் அந்த வீட்டுக்கு மீட்பு கிடைத்தது. அவர்கள் கொடுத்தது வெறும் பாத்திரம், பணம் அல்ல. நம்மாலும் முடிந்தது நிறைய இருக்கிறது. வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளையோடு வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். வேலை இருக்கும் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

திருச்சபைக்கும் இது புதிதல்ல. குருமடத்தில் வட்டி பற்றிய போதனையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்த ஒன்று, இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் அடகுக் கடை நடத்தினார்கள் என்பது! 1462இல் பெருஜியா நகரில் தொடங்கினார்கள். ஏழைகள் கொள்ளை வட்டிக்காரரிடம் போகாதபடி, பொருளை ஈடாக வாங்கிக்கொண்டு, நடத்தும் செலவுக்கான சிறு தொகையை மட்டும் வாங்கினார்கள். அது வட்டி இல்லையா, பாவம் இல்லையா என்று அரை நூற்றாண்டு வாதாடி, 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அது முறையே என்று தீர்ப்புச் சொன்னது. நேர்மையாக நடக்கும் மகளிர் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்குக் கொடுத்து வாங்குவதும் அந்த வழியில் வந்ததுதான். வெளி நிறுவனத்தின் பணத்தைக் குழு பெயரில் வாங்கிப் பிரிப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னும் ஒரு கலயம், பலர் மறந்துபோனது, ஈ.எஸ்.ஐ. அட்டை. வேலை நின்ற மறுநாளே சிகிச்சை உரிமை போய்விடுவதில்லை. ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்கு ஏற்பச் சில மாதம் தொடரும். வேலை இழந்த காப்பீட்டாளருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை 90 நாள் வரை தரும் திட்டம் ஒன்று 2018இல் கொண்டுவரப்பட்டது. நிபந்தனைகள் உண்டு, ஆகவே கிளை அலுவலகத்தில் போய் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். ரேஷன் அரிசி வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து விட்டவர்கள் திரும்ப வாங்கத் தொடங்குங்கள்.

உள்நாட்டு ஆர்டர் ஓடும் கம்பெனிகளில் முழு வேலை இருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எகிப்தில் யோசேப்பு செய்தது பொருந்தும். ஏழு செழிப்பான ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். ஐந்தில் ஒன்று முடியாவிட்டால் பத்தில் ஒன்று. ஆனால் தொடக்கநூல் 47ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். பஞ்சம் வந்தபோது மக்கள் அந்தத் தானியத்துக்காக முதலில் பணத்தையும், பிறகு ஆடுமாடுகளையும், பிறகு நிலத்தையும், கடைசியில் தங்களையும் பார்வோனுக்கு விற்றுவிட்டார்கள். மறையுரைகளில் நாங்கள் வழக்கமாக அந்தப் பக்கம் போவதில்லை. களஞ்சியத்தின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பது அங்கே இருக்கிறது. சேமிப்பு உங்கள் வீட்டுப் பேரில், நீங்கள் எடுக்கக்கூடிய இடத்தில், அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்கட்டும். பதிவு செய்யாத சீட்டில் வேண்டாம்.

திருவருகைக் காலம் நெருங்குகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புதுத் துணி எடுக்க யாரும் கடன் வாங்க வேண்டாம். ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கும் நம் பிள்ளைகள் ஒரு வருடம் பழைய சட்டையில் நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்தால் பாலன் இயேசு கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே துணியில் பொதிந்து தீவனத்தொட்டியில் கிடந்தவர். புதுநன்மை விருந்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா வரியும் அப்படித்தான். வேலை இல்லாத குடும்பங்களிடம் இந்த ஆண்டு அதைக் கேட்கப் போவதில்லை. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று ஒலிபெருக்கியில் வாசிக்கவும் மாட்டோம்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் எங்கள் குற்றங்களை மன்னிக்குமாறு வேண்டுகிறோம். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘கடன்கள்’. இயேசுவைச் சுற்றி நின்று அதைக் கேட்டவர்கள், வாசலில் கடன்காரன் நிற்பது எப்படி இருக்கும் என்று அறிந்த கலிலேய விவசாயிகளும் மீனவர்களும். கடன்பட்டவரின் நெஞ்சில் இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே, இரவில் தூக்கம் வராமல், நான் இல்லாமல் போனால் இவர்களுக்காவது நிம்மதி என்று யாருக்காவது தோன்றியிருந்தால், அந்த எண்ணத்தை நம்பாதீர்கள். அந்த விதவைத் தாயின் கணவர் இறந்தார், கடன் இறக்கவில்லை, பிள்ளைகளிடம்தான் வந்தது. உடனே ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள், எந்த மணியானாலும் பரவாயில்லை.

வரும் வாரத்திலிருந்து வியாழக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பிறகு பங்கு அலுவலகத்தில் ஒரு மேசை போட்டிருப்போம். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற இருவரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இருப்பார்கள். பணம் கொடுக்க அல்ல, உங்களோடு உட்கார்ந்து கணக்கு எழுத. தண்டல் அட்டை, குழுப் புத்தகம், அடகுச் சீட்டு, செல்போனில் வந்த குறுஞ்செய்தி, எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது. தொகையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அங்கே பேசுவது வெளியே போகாது. பிற சமயத்து அயலார் யாருக்காவது தேவை என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.